1300-க்கும் 11-க்கும் நடுவுல

அக்காவுக்கும் எனக்கும் நடந்த ஒரு வாக்குவாதம், பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் எனக்குள்ள ஓடிட்டேதான் இருக்கு. 2014ல ஒரு ராத்திரி போன் பண்ணி, வீட்ல இருந்த க்ரீம், லோஷன் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் கட்டி வெளில வச்சுட்டேன்னு சொன்னா. எதுக்குன்னு கேட்டதுக்கு, "ஐரோப்பால 1300 கெமிக்கலுக்கு மேல காஸ்மெடிக்ஸ்ல போடக்கூடாதுன்னு தடை, அமெரிக்கால வெறும் 11, அப்ப மிச்சம் ஆயிரத்து சொச்சம் விஷத்தை உலகத்துல பாதிப் பேர் மூஞ்சில பூசிட்டு இருக்கோம்னுதானே அர்த்தம்"னு மூச்சு விடாம சொன்னா. அந்த நம்பர் அப்ப எல்லாரும் சொல்லிட்டு இருந்த நம்பர்தான், இப்பவும் சொல்றாங்க. கேட்ட உடனே யாருக்கும் கோவம் வரும், அந்த மாதிரி நம்பர் அது.

எனக்கு அன்னிக்கு வந்தது வேற கோவம். நான் படிச்சது கெமிஸ்ட்ரி, வேலை பாக்கறது தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல. பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு, காலைல உள்ள போனதுல இருந்து சாயங்காலம் கிளம்பற வரைக்கும் கண்ணு முன்னாடி நிக்கற கணக்கு. ஒரு பொருள் இருக்கா இல்லையாங்கறது பாதிக் கேள்விதான், எவ்வளவு இருக்குங்கறது மீதிப் பாதின்னு பழகிப்போன ஆளு நான். அதனால அவ அந்த 1300ஐச் சொன்னதும் ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசறதை விட்டுட்டு, அந்த லிஸ்ட்டையே தேடி எடுத்துப் படிக்க உக்காந்துட்டேன்.

லிஸ்ட்ல என்ன இருக்கு

ஐரோப்பிய யூனியனோட காஸ்மெடிக்ஸ் சட்டத்துக்கு 1223/2009னு நம்பர், 2013 ஜூலைல முழுசா நடைமுறைக்கு வந்தது. அதோட இரண்டாவது இணைப்புதான் இந்தத் தடைப் பட்டியல். பொறுமையா வரி வரியா படிச்சா ஸ்ட்ரிக்னைன் இருக்கு, அம்பு நுனில தடவுற க்யூராரே இருக்கு, சயனைடு, ஆர்சனிக், தாலியம், நிகோடின், கதிரியக்கப் பொருள் எல்லாம் இருக்கு. அதுக்கப்புறம் பக்கம் பக்கமா பெட்ரோலிய சுத்திகரிப்புல நடுநடுவுல வர்ற எண்ணெய், கசடு வகைங்க, அதுவே பல நூறு. புற்றுநோய் வரவைக்கும், மரபணுவைக் கெடுக்கும், குழந்தைப்பேறைப் பாதிக்கும்னு வேற சட்டத்துல வகைப்படுத்தின பொருளுங்க கொத்துக்கொத்தா இங்க வந்து சேர்ற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு, லிஸ்ட் அவ்வளவு நீளமானதுக்கு அதுதான் பெரிய காரணம். இதுல முக்காவாசிப் பொருளை எந்த ஊர்லயும் எந்தக் கம்பெனியும் லிப்ஸ்டிக்ல போடணும்னு நினைச்சதே இருக்காது.

அமெரிக்காவோட 11க்கும் இதே கதைதான். அங்க 1938ல வந்த சட்டம், உபயோகிக்கறவங்களுக்குத் தீங்கு பண்ணக்கூடிய விஷப்பொருள் எதுவும் காஸ்மெடிக்ஸ்ல இருக்கக்கூடாதுன்னு பொதுவா சொல்லிடுது. பேர் சொல்லி விதி எழுதினது மட்டும்தான் அந்த 11, பாதரசம், குளோரோஃபார்ம், வினைல் குளோரைடு, ஹெக்ஸாகுளோரோஃபீன் அந்த மாதிரி. ஸ்ட்ரிக்னைன் பேர் அதுல இல்லங்கறதால க்ரீம்ல கலந்து விக்கலாம்னு ஆயிடாது. ஆக, இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எந்த நாடு பத்திரம்னு முடிவு பண்றது, வாசல்ல எத்தனை பூட்டு தொங்குதுன்னு எண்ணிப் பாத்து வீடு பத்திரமான்னு சொல்ற மாதிரி. இதை அப்படியே அக்காகிட்ட சொன்னேன். ஸ்ட்ரிக்னைன் கதையைக் கேட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. "சரி, நீ படிச்சவ, உனக்குத் தெரியும்"னு சொல்லிட்டு வச்சுட்டா.

தோல்ல பூசறதுல 60 சதவீதம் ரத்தத்துல கலந்துடும்னு இன்னொண்ணு சொன்னா, அதுக்கும் என்கிட்ட பதில் இருந்துச்சு. அப்படி எல்லாப் பொருளுக்கும் பொதுவா ஒரு சதவீதம் கிடையவே கிடையாது. மூலக்கூறு எவ்வளவு பெருசு, கொழுப்புல கரையுமா தண்ணில கரையுமா, பூசறது உள்ளங்கைலயா கண்ணிமையிலயா, தோல் முழுசா இருக்கா வெடிச்சிருக்கான்னு எல்லாத்தையும் பொறுத்து மாறும். 500 டால்டனுக்கு மேல எடை இருக்கற மூலக்கூறு ஆரோக்கியமான தோலைத் தாண்டி உள்ள போறது ரொம்பக் கஷ்டம்னு தோல் மருத்துவத்துல ஒரு வாய்ப்பாடு மாதிரியே சொல்லுவாங்க. இதையும் அடுத்த வாரம் அவகிட்ட விளக்கினேன். நான் சொன்ன ஒவ்வொண்ணும் சரி. இன்னிக்கும் அதுல ஒரு வார்த்தையைக்கூட மாத்த மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது, ஏன்னா எல்லாம் சரியா இருந்தும் நான் வந்து நின்ன இடம் சரியில்ல.

பாரபென் பயம்

அக்கா தூக்கிப் போட்டதுல பெரும்பாலும் பாரபென் இருந்த பொருளுங்க. பாரபென்ங்கறது கெட்டுப்போகாம இருக்கப் போடற பொருள், அதாவது பிரிசர்வேட்டிவ். தண்ணி கலந்த எந்தக் க்ரீமா இருந்தாலும் அதுல ஏதாவது ஒண்ணு போட்டே ஆகணும், இல்லன்னா பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். 1970கள்ல மஸ்காரால சூடோமோனாஸ் பாக்டீரியா வளந்து, அந்த பிரஷ் கண்ணுல லேசாக் கீறினதுலயே கருவிழில புண்ணு வந்து பார்வை போன கேஸுங்க மருத்துவப் பத்திரிகைகள்ல பதிவாகியிருக்கு. அதனால பிரிசர்வேட்டிவே வேண்டாம்னு யாரும் சொல்ல முடியாது, எந்தப் பிரிசர்வேட்டிவ்ங்கறதுதான் கேள்வி.

பாரபென் மேல பயம் பெருசா கிளம்பினது 2004ல. பிரிட்டன்ல ஃபிலிப்பா டார்ப்ரே குழு 20 மார்பகக் கட்டித் திசுக்கள்ல பாரபென் இருந்துச்சுன்னு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கட்டி இல்லாத திசுவோட ஒப்பிட்டுப் பாக்கல, பாரபென்தான் கட்டிக்குக் காரணம்னு அந்த ஆய்வு காட்டவும் இல்ல. இருந்ததுங்கறது மட்டும்தான் கண்டுபிடிப்பு. ஆனா அது வெளில வந்தப்ப, இருந்துச்சுங்கறது வரவச்சுதுன்னு மாறிப் போயிடுச்சு. கொஞ்ச வருஷத்துல பாட்டில் மேலயே 'பாரபென் ஃப்ரீ'ன்னு இலைப் படம் போட்டு அடிக்க ஆரம்பிச்சாங்க. ஐரோப்பாவோட விஞ்ஞானிகள் குழு நிதானமா ஒவ்வொரு பாரபெனையும் தனித்தனியா எடுத்துப் பாத்தது. மெத்தில், எத்தில் 0.4 சதவீதம் வரைக்கும் போடலாம், ப்ரோப்பில், பியூட்டில் 0.14 சதவீதம் தாண்டக்கூடாது, ஐசோப்ரோப்பில், ஐசோபியூட்டில் உட்பட அஞ்சு வகைக்குப் போதுமான பாதுகாப்புத் தகவல் இல்லாததால 2014ல தடை. ஒரே குடும்பத்துப் பேருங்களுக்கு மூணு விதமான தீர்ப்பு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது, கட்டுப்பாடுன்னா இப்படித்தான் இருக்கணும்னு நினைச்சேன், இப்பவும் நினைக்கறேன். அக்கா அதுக்கெல்லாம் காத்திருக்கல. அவளுக்குச் சின்னக் குழந்தை. இலைப் படம் போட்ட வைப்ஸ் பாக்கெட்டும், அதே மாதிரி ஒரு ஹேண்ட்வாஷும் வாங்கிட்டு வந்துட்டா. குழந்தையைத் துடைச்சுட்டு அதே வைப்ஸால தன் மூஞ்சியையும் ராத்திரி ராத்திரி துடைச்சுக்குவா.

நாலு மாசம் கழிச்சு ஒரு காலைல போட்டோ அனுப்பினா. ரெண்டு கண்ணிமையும் வீங்கி, தோல் சுருங்கி, ஓரமெல்லாம் செதில் செதிலா இருந்துச்சு. முதல்ல தூக்கம் இல்ல, தூசின்னு ஏதேதோ சொல்லிப் பாத்தோம். அப்புறம் வாயைச் சுத்தி சிவந்துச்சு, அப்புறம் விரல் இடுக்குல வெடிச்சுது. ஒரு ஆயின்மென்ட் போட்டா ரெண்டு நாள் அடங்கும், மறுபடி வரும். வரவர அவ அந்த வைப்ஸைத்தான் இன்னும் அதிகமா உபயோகிச்சா, எரிச்சலுக்குக் குளுகுளுன்னு இருக்குன்னு.

முதுகுல நம்பர் போட்ட கட்டம்

கடைசில ஒரு தோல் டாக்டர், எந்தப் பொருள் அலர்ஜி பண்ணுதுன்னு கண்டுபிடிக்க பேட்ச் டெஸ்ட் பண்ணிடலாம்னாங்க. பாக்காதவங்களுக்காகச் சொல்றேன், சட்டை பட்டன் அளவுக்குச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணம், ஒவ்வொண்ணுலயும் ஒரு பொருளைத் துளி வச்சு, வரிசையா டேப்ல பதிச்சு முதுகுல ஒட்டிடுவாங்க. ரெண்டு நாள் முதுகுல தண்ணி படக்கூடாது, குனிஞ்சு நிமிந்து வேலை செய்யக்கூடாது, வேர்க்கக்கூடாது. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு அவ அந்த ரெண்டு நாளைத் தள்ளினதை நான் கூட இருந்து பாத்தேன். ரெண்டாவது நாள் டேப்பை எடுத்துட்டு, எந்தக் கட்டம் எதுன்னு தெரிய பேனாவால கோடு போட்டு நம்பர் எழுதி, ஒரு தடவை பாத்துக்கிட்டு, மறுபடி நாலாவது நாள் வரச் சொன்னாங்க.

நாலாவது நாள் அவகூட உள்ள போனேன். டாக்டர் விளக்கைக் கிட்ட கொண்டு வந்தாங்க. முதுகு முழுக்க நீலப் பேனாக் கோடு, கணக்கு நோட்டு மாதிரி. ஏறக்குறைய எல்லாக் கட்டமும் சாதாரணத் தோல். பாரபென் கலவை வச்ச கட்டத்தைத்தான் முதல்ல தேடினேன், அது எங்கயும் ஒரு சிவப்புகூட இல்லாம அப்படியே இருந்துச்சு. அதுக்குக் கீழ ரெண்டு கட்டம் தள்ளி ஒரு இடம் மட்டும் வட்டமா மேடு கட்டிச் சிவந்து, மேல ஊசிமுனை அளவுல நீர்க்கொப்புளம் நெருக்கமா வந்து பளபளன்னு இருந்துச்சு. டாக்டர் சீட்டுல ரெண்டு ப்ளஸ் போட்டாங்க. மெத்தில்ஐசோதையசோலினோன். சுருக்கமா எம்.ஐ.னு சொல்லுவாங்க, இதுவும் ஒரு பிரிசர்வேட்டிவ்தான். வீட்டுக்கு வந்து அந்த வைப்ஸ் பாக்கெட்டைத் திருப்பினா, சேர்மானப் பட்டியலோட கடைசி வரில, மடிப்பு ஓரத்துல பாதி மறைஞ்சு, அந்தப் பேர் இருந்துச்சு. ஹேண்ட்வாஷ்லயும் இருந்துச்சு. முன்பக்கம் இலைப் படம், பாரபென் ஃப்ரீ.

ஆனா நான் சொல்ல வந்தது அந்தக் க்ளினிக் அறைக்குள்ள நடந்தது. அவ திரும்பி உக்காந்து ஜாக்கெட் கொக்கி மாட்டிக்கிட்டு இருந்தா, நான் கூட நின்னு உதவி பண்ணிட்டே, இதைச் சொல்லாம விட முடியல எனக்கு, "பாத்தியாக்கா, ஒண்ணும் பண்ணாத பாரபெனுக்குப் பயந்து ஓடிப் போய் இதுல மாட்டிக்கிட்ட"ன்னேன். அதோட நிறுத்தாம, இந்தப் பொருளுக்கும் ஐரோப்பால 100 பிபிஎம் தாண்டக்கூடாதுன்னு வரம்பு இருக்கு, சும்மா யாரும் அள்ளிப் போட்டுடல, உன் உடம்புக்கு ஒத்துக்கலன்னும் சொன்னேன். அவ கொக்கியை மாட்டி முடிச்சா. சத்தமே இல்லாமதான் கேட்டா. "சரிடி, பயந்து வாங்கினது நான்தான். அந்த நூறை எழுதினது யாரு? அவங்க பயந்தவங்க இல்லையே, உன்னை மாதிரி கணக்குப் பாக்கறவங்கதானே?"

நான் பதில் சொல்லல. பதில் இல்லாம இல்ல, என்னன்னு தெரியாததால. அந்த நூறு எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒரு வரம்புன்னு இருந்தா அதுக்குப் பின்னாடி யாரோ எல்லாத்தையும் பாத்திருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே இருந்துட்டேன். 1300ங்கற நம்பரை நம்பினதுக்காக அவளைத் திருத்தப் போன நான், 100ங்கற நம்பரை அதே மாதிரிதான் நம்பியிருக்கேன்.

அந்த நூறோட கதை

அப்புறம் தேடிப் படிச்சேன். எம்.ஐ. புதுப் பொருள் இல்ல. 1980கள்லயே இன்னொரு நெருங்கின பொருளோட சேத்து, மூணு பங்கு அது, ஒரு பங்கு எம்.ஐ.ன்னு கலந்து உபயோகிச்சாங்க. அந்தக் கலவை நிறையப் பேருக்கு அலர்ஜி பண்ணுதுன்னு தெரிஞ்சு, மொத்தமே 15 பிபிஎம்தான் போடலாம்னு கட்டுப்படுத்தினாங்க. அப்படின்னா அதுல எம்.ஐ.யோட பங்கு நாலுல ஒண்ணு, 3.75 பிபிஎம். அலர்ஜியை அதிகமாத் தூண்டறது அந்த ஜோடிப் பொருள்தான், எம்.ஐ. சாதுன்னு அப்ப இருந்த டெஸ்ட்டுங்க காட்டினதால, எம்.ஐ.யை மட்டும் தனியாப் போடலாம்னு 2005ல ஐரோப்பா அனுமதிச்சது. ஆனா அது கிருமியைக் கொல்றதுலயும் சாதுதான். தனியா நின்னு வேலை செய்யணும்னா அளவைக் கூட்டியாகணும். அப்படித்தான் 100 பிபிஎம் வந்துச்சு. 3.75ல இருந்து 100, கிட்டத்தட்ட 27 மடங்கு. துடைச்சுட்டு அப்படியே விட்டுடற வைப்ஸ், நாள் முழுக்க தோல்லயே இருக்கற க்ரீம், எல்லாத்துக்கும் அதே 100. அதே சமயம்தான் பாரபென் பயத்துல கம்பெனிங்க எல்லாம் வேற பிரிசர்வேட்டிவ் தேடி ஓடிட்டு இருந்தாங்க.

இதுல கெட்டவங்க யாரும் இல்ல. அந்தக் குழுல நான் இருந்திருந்தா, அந்த டெஸ்ட் ரிசல்ட்டைப் பாத்து நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்னு நினைக்கறேன். எனக்கு இது புரியவே கொஞ்ச நாள் ஆச்சு, ஏன்னா என்னோட மொத்தப் பழக்கமும் அளவுலதான் நிக்குது. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சொல்றோம், அப்ப அளவுக்குள்ள இருந்தா நஞ்சும் ஒண்ணும் பண்ணாதுன்னு நாமளே மறுபக்கத்தையும் சேத்துக்கறோம். சிறுநீரகத்தைப் பாதிக்கற பொருளுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியா வரும். எலிக்கு ஒண்ணும் பண்ணாத அளவை எடுத்து, மனுஷன் வேறங்கறதுக்குப் பத்தால வகுத்து, மனுஷனுக்கு மனுஷன் வேறங்கறதுக்கு இன்னொரு பத்தால வகுத்து, நூறு மடங்கு இடைவெளி விடுவாங்க. ஐரோப்பிய விஞ்ஞானிகள் குழு இன்னும் ஒரு படி மேல போய், ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பூசற எல்லாப் பொருளையும் கூட்டி 17.4 கிராம்னு வச்சுக்கிட்டு, அது அத்தனைலயும் அந்தப் பிரிசர்வேட்டிவ் இருந்தா என்ன ஆகும்னு கணக்குப் போடறாங்க. நல்ல கணக்கு. ஆனா அலர்ஜி வேற மாதிரி. உடம்போட நோய் எதிர்ப்பு ஒரு தடவை ஒரு பொருளை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சுன்னா, அதுக்கப்புறம் அந்த ஆளுக்கு முன்னாடி இருந்த வரம்பு இல்ல, ரொம்பக் கொஞ்சமே போதும். அந்த ஞாபகம் போகவே போகாதுன்னே வச்சுக்கலாம். அடுத்த வருஷம் வீட்ல ஒரு ரூமுக்குப் பெயின்ட் அடிச்சப்ப அக்கா அதைத் தொடவே இல்ல, வாசல்ல நின்னு பாத்ததுக்கே மூஞ்சி வீங்கிடுச்சு. தண்ணி கலந்த பெயின்ட்லயும் எம்.ஐ. இருக்கும், காயக் காயக் காத்துல வரும்.

இப்ப முக்கியமான இடம். இது தப்புன்னு எப்படித் தெரிஞ்சது? லேப்ல கண்டுபிடிக்கல. பல நாட்டுத் தோல் டாக்டருங்க பேட்ச் டெஸ்ட்ல இந்த ஒரு கட்டம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் அதிகமாச் சிவக்குதேன்னு கவனிச்சு, கணக்கைச் சேத்து வெளியிட்டாங்க. 2013ல அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் எம்.ஐ.யை அந்த வருஷத்தோட அலர்ஜிப் பொருள்னு அறிவிச்சது. அதே 2013 டிசம்பர்ல ஐரோப்பியத் தயாரிப்பாளர் அமைப்பே, தோல்ல தங்கற பொருளுங்கள்லயும் வைப்ஸ்லயும் இதைப் போடறதை நிறுத்திடுங்கன்னு உறுப்பினருங்களுக்குச் சொல்லுச்சு. சட்டப்படி தடை வந்தது 2017 பிப்ரவரில. கழுவிடற பொருளுங்களுக்கு 15 பிபிஎம்னு குறைச்சது 2018ல. அனுமதிச்சதுல இருந்து தடை வரைக்கும் 12 வருஷம். அக்கா முதுகுல சிவந்த அந்த வட்டம் இந்தக் கணக்குல ஒண்ணு, அவளை மாதிரி எத்தனையோ பேரோட முதுகுதான் அந்த நூறைத் திருத்திச்சு.

தப்பான வாதம், விடமுடியாத கோரிக்கை

அக்கா சொன்ன வாதத்தை இன்னிக்கு மறுபடி எடுத்து வச்சுப் பாக்கறேன். 1300, 11ங்கற நம்பர் நிஜம். அதுல இருந்து அவ போன முடிவுக்குப் பாதை கிடையாது, அதுல மாற்றம் இல்ல. ஆனா நான் என்ன பண்ணினேன்னா, பாதை இல்லன்னு காட்டினதோட அந்த ஊரே இல்லன்னு காட்டிட்டதா நினைச்சுட்டேன். அவ கேட்டது கட்டுப்பாடு வேணும்ங்கறது. அதுக்கு அவ கொடுத்த காரணம் சரியில்லன்னா, வேற நல்ல காரணம் இருக்கான்னு தேடறதுதான் அடுத்த வேலை. கெமிஸ்ட்ரி தெரிஞ்ச நான்தான் அதைத் தேடியிருக்கணும், அவ இல்ல.

தேடியிருந்தா அது லிஸ்ட்ல கிடைச்சிருக்காது, லிஸ்ட்டுக்கு வெளில கிடைச்சிருக்கும். ஐரோப்பால ஒரு க்ரீம் விக்கணும்னா அதுக்குப் பொறுப்பான ஆள் ஒருத்தர் பேர்ல இருக்கணும், விக்கறதுக்கு முன்னாடியே பாதுகாப்பு மதிப்பீடு எழுதி ஃபைல்ல வச்சிருக்கணும், ஐரோப்பிய ஆணையத்தோட ஆன்லைன் தளத்துல பதிவு பண்ணணும், யாருக்காவது மோசமான பாதிப்பு வந்தா அதிகாரிங்களுக்குத் தெரிவிச்சே ஆகணும். 2014ல அமெரிக்கால இதுல எதுவும் கட்டாயம் இல்ல. பதிவு பண்றது கம்பெனி இஷ்டம், புகாரை அரசாங்கத்துகிட்ட சொல்றதும் இஷ்டம், பொருளை மார்க்கெட்ல இருந்து திரும்ப எடுன்னு உத்தரவு போடற அதிகாரம், உணவு, மருந்து, காஸ்மெடிக்ஸைக் கண்காணிக்கற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கே கிடையாது. வித்தியாசம் இவ்வளவு பெருசா இருக்கறப்ப, எல்லாரும் 1300ஐயும் 11ஐயும் சொல்லிக்கிட்டு இருந்தோம், நான் அதை மறுத்துக்கிட்டு இருந்தேன்.

இது வெறும் காகித வித்தியாசம் இல்லன்னு எனக்கு உறைச்சது 2016ல. முடி கழுவற ஒரு கண்டிஷனரால முடி கொட்டுது, தலைல புண்ணு வருதுன்னு எஃப்.டி.ஏ.வுக்கு நேரா வந்த புகார் 127. சரி, உலகத்துல எத்தனையோ பேர் உபயோகிக்கறதுல 127 பெருசான்னு எனக்கே தோணியிருக்கும். அதிகாரிங்க கம்பெனிக்குப் போய் விசாரிச்சப்ப, தயாரிச்சவங்களுக்கும் வித்தவங்களுக்கும் நேரடியா வந்திருந்த புகார் 21,000க்கு மேல. அதை யாருகிட்டயும் சொல்லணும்னு சட்டம் இல்ல, அதனால சொல்லல. ஒவ்வொருத்தியும் குளியலறை வடிகால்ல இருந்து தன் முடியைக் கைல எடுத்துப் பாத்துட்டு, தனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சிருப்பா. அந்த 127க்கும் 21,000க்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான், 1300க்கும் 11க்கும் நடுவுல இருக்கறதா நாங்க நினைச்ச ஆபத்து. 2022 டிசம்பர்லதான் அமெரிக்கச் சட்டம் மாறுச்சு, மோசமான பாதிப்பைப் பதினஞ்சு வேலை நாளுக்குள்ள தெரிவிக்கணும், திரும்ப எடுக்கச் சொல்ல எஃப்.டி.ஏ.வுக்கு அதிகாரம் உண்டுன்னு. 1938க்கு அப்புறம் இதுல வந்த முதல் பெரிய மாற்றம் இது, 84 வருஷம்.

லிஸ்ட்டே வேண்டாம்னு சொல்ல வரல. பாதரசம் மாதிரிப் பொருளுக்கு நேரடித் தடைதான் சரி. தோலை வெளுப்பாக்கற க்ரீம்ல அது மெலனின் உருவாகறதை நிறுத்தும், கூடவே சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசறவங்களோட துண்டு, தலையணை வழியா வீட்ல இருக்கற குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுங்க போட்ட மினமாட்டா ஒப்பந்தம் முதல்ல 1 பிபிஎம்முக்கு மேல இருக்கற காஸ்மெடிக்ஸை 2020க்குள்ள நிறுத்தணும்னு சொல்லுச்சு, 2023ல கூடினப்ப அந்த 1 பிபிஎம் சலுகையையும் எடுத்துட்டு, பாதரசம் சேத்த காஸ்மெடிக்ஸே 2025க்கு அப்புறம் கூடாதுன்னுட்டாங்க. நல்லது. ஆனா லேபிள்லயே அந்தப் பேர் எழுதாம விக்கற க்ரீமை, பிடிச்சு டெஸ்ட் பண்ற ஆள் இல்லாம எந்த லிஸ்ட் தடுக்கும்? 1972ல ஃபிரான்ஸ்ல குழந்தைங்க பவுடர்ல தொழிற்சாலைத் தவறால ஹெக்ஸாகுளோரோஃபீன்ங்கற கிருமிநாசினி 6 சதவீதத்துக்கு மேல கலந்துடுச்சு. 204 குழந்தைங்களுக்கு உடம்பு முடியாமப் போச்சு, 36 குழந்தைங்க செத்துப் போனாங்க. அந்தப் பொருள் அந்தப் பவுடர்ல இருக்கவே வேண்டியதில்ல. பவுடர்தான் காரணம்னு கண்டுபிடிக்கவே மாசக்கணக்கு ஆச்சு, அதுக்குள்ள அம்மாங்க தினமும் அதையே பூசிட்டு இருந்தாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அந்த வைப்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு, எரிச்சல் அதிகமானப்ப இன்னும் அதிகமாத் துடைச்சாளே.

இன்னொண்ணும் எனக்கு மனசுல தீரல. பயத்துல கேக்கற தடை, அந்த ஒரு பேரை மட்டும்தான் விரட்டும். கம்பெனி அடுத்த பேருக்குத் தாவும், அந்த அடுத்த பேரைப் பத்தி நமக்கு இன்னும் கம்மியாத்தான் தெரிஞ்சிருக்கும். எழுபது எண்பது வருஷமா உபயோகத்துல இருந்த பாரபெனை, அலர்ஜி பண்றதுல ரொம்பக் கடைசி ஆள்னு சொல்லி அதே அமெரிக்கச் சங்கம் 2019ல 'அலர்ஜி அல்லாத பொருள்'னு அறிவிச்சுது. பாரபென் ஃப்ரீன்னு பாட்டில்ல எழுதறது, சட்டப்படி அனுமதிச்ச பொருளைக் கெட்டதாக் காட்டற விளம்பரம்னு ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதே வருஷம் நடைமுறைக்கு வந்துச்சு. அக்காவுக்கு இதையெல்லாம் சொன்னா கேட்டுக்குவா, ஆனா அவ சொல்ற ஒண்ணை நானும் கேட்டுக்கணும். பயந்தவங்க சத்தம் போடலன்னா அந்த அஞ்சு பாரபென் ஃபைலை யாராவது தூசு தட்டி எடுத்திருப்பாங்களாங்கறா. இருக்கலாம். அப்படி இல்லன்னு உறுதியா என்னால சொல்ல முடியல.

அதே மாதிரிதான் லேபிள்ல 'ஃப்ராக்ரன்ஸ்'ங்கற ஒத்தை வார்த்தை. அதுக்குள்ள எத்தனையோ வாசனைப் பொருள் இருக்கும். ஐரோப்பால 26 அலர்ஜிப் பொருளைப் பேர் சொல்லி எழுதணும்னு இருந்துச்சு, 2023ல அதை 80க்கு மேல ஆக்கிட்டாங்க. இந்த விதி எதையும் தடை பண்ணல, பேரை எழுதுன்னு மட்டும்தான் சொல்லுது. அக்கா மாதிரி முதுகுல ஒரு கட்டம் சிவந்தவங்களுக்கு அந்தப் பேரு போதும், மத்ததை அவங்களே பாத்துக்குவாங்க. பேர் எழுதாத இடத்துல டாக்டர் சீட்டு கையில இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அந்த டாக்டர் சீட்டை அக்கா மடிச்சு மடிச்சு, மடிப்புல கிழிஞ்சு, பின்னாடி டேப் ஒட்டி பர்ஸ்ல வச்சிருக்கா. அன்னிக்குக் கைக்குழந்தையா இருந்தவ இப்ப என்னை விட உயரம். போன மாசம் நான் போயிருந்தப்ப ஏதோ ஒரு புது ஷாம்பூ பாட்டிலோட வந்து நின்னா, முன்பக்கத்தைப் பாக்கவே இல்ல, நேரா திருப்பி போன் டார்ச்சை அடிச்சு, கீழ் வரில இருந்து மேல படிச்சுக்கிட்டே வந்தா. "அம்மாவோட பேரு இதுல இல்ல"ன்னா. எம்.ஐ.க்கு அந்த வீட்ல அதுதான் பேரு. அக்கா பாட்டிலை வாங்கி என்கிட்ட நீட்டி, "நீயும் ஒரு தடவை பாத்துடு"ன்னா. நானும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கடைசி வரில இருந்து படிக்க ஆரம்பிச்சேன்.